சாவு நடக்காத வீட்டிலும் துக்கம் உண்டு

ஒருவர் இறந்தால் நாலு பேர் வந்து பக்கத்தில் உட்காருவார்கள். மறதிநோய் முற்றிய தாய், பெற்ற மகளையே "நீ யாரும்மா?" என்று கேட்கும் நாளில் அப்படி யாரும் வருவதில்லை. கருச்சிதைவு, மணமுறிவு, பறிபோன வேலை, வெளியே சொல்ல முடியாத உறவில் இருந்தவரின் மரணம், கூடவே வளர்ந்த நாயின் சாவு என எல்லாமே இழப்புதான். ஆனால் "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்ற கேள்விக்குப் பயந்து பலர் வாயைத் திறப்பதில்லை. துக்கத்தை ஆராயும் அமெரிக்கர் கென்னத் டோக்கா 1989-இல் இதை 'அங்கீகரிக்கப்படாத துக்கம்' என்று விளக்கினார். அழ வழியில்லாத துக்கம் தூக்கமின்மையாகவும் எரிச்சலாகவும் உடல்வலியாகவும் வெளிப்படுவதுண்டு. அதனால் இந்தத் தொல்லைகளோடு சிகிச்சைக்கு வருபவரிடம், சமீபத்தில் எதையாவது இழந்தீர்களா என்றும் கேட்க வேண்டும்.

காணாமல் போனவரின் குடும்பத்துக்கு இன்னொரு வகைச் சிக்கல். "இனி வரமாட்டார், மனசைத் தேத்திக்கோங்க" என்று அவர்களை அவசரப்படுத்துவது கொடுமை. 'வரலாம், வராமலும் போகலாம்' என்ற இரண்டையும் ஒன்றாகச் சுமக்க அவர்களை விடுங்கள்.

துக்கத்துக்கு ஐந்து படிகள் (மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு) என்று படித்துவிட்டு, "எனக்குக் கோபமே வரலையே, ஏதாவது கோளாறா?" என்று கவலைப்படுபவர்கள் உண்டு. 1969-இல் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் அந்தப் படிகளைச் சொன்னது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசியதை வைத்து. இழந்தவர்கள் ஏறியே தீரவேண்டிய ஏணி அல்ல அது. 1999-இல் துக்க ஆய்வாளர்கள் ஸ்ட்ரோப், ஷூட் இருவரும் முன்வைத்த விளக்கம்தான் நடைமுறைக்கு அதிகம் உதவுகிறது: மனம் கொஞ்ச நேரம் இழப்பில் மூழ்கும், கொஞ்ச நேரம் அன்றாட வேலைக்குத் திரும்பும், மறுபடி மூழ்கும். இப்படிப் போய்த் திரும்புவது இயல்பானது. நடுவில் வாய்விட்டுச் சிரித்தால் அது போனவருக்குச் செய்யும் துரோகம் ஆகாது.

வேலையும் பொறுப்பும் துக்கத்துக்கு இடமே தராதபோது, நாளில் 15 நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள். ஒரே இடம், ஒரே நேரம், அலைபேசியில் அலாரம். புகைப்படத்தைப் பார்க்கலாம், சொல்லாமல் விட்டதை எழுதலாம், சும்மாவும் உட்காரலாம். அழுகை வராவிட்டாலும் சரி. முதலில் 5 நிமிடமே தாங்கினால் அது போதும். அலாரம் அடித்ததும் எழுந்து குளிப்பது, நடப்பது போல உடம்புக்கு வேலை கொடுங்கள். படுக்கப்போகும் நேரத்தில் இதைச் செய்யாதீர்கள், தூக்கம் கெடும். விபத்து அல்லது வன்முறைச் சாவின் காட்சிகள் திரும்பத் திரும்பக் கண்முன் வருபவர்கள் தனியாக இதைச் செய்யவே வேண்டாம். ஆலோசகர் துணை தேவை.

உதவ நினைப்பவர்களுக்கு: "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பது நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் என்ன கேட்பது, யாரிடம் கேட்பது என்று முடிவெடுக்கும் தெம்பு துக்கத்தில் இருப்பவரிடம் இருக்காது. "நாளைக்குச் சாயங்காலம் நான் சாப்பாடு கொண்டு வரேன், பிள்ளைகளையும் பார்த்துக்கறேன்" என்று சொல்லுங்கள். கூட்டம் கலைந்த இரண்டாம், மூன்றாம் மாதம் கூப்பிடுங்கள். கரு கலைந்தவருக்குக் குழந்தை பிறந்திருக்க வேண்டிய தேதி கனமான நாள், அதைக் குறித்துவையுங்கள்.

குழந்தைகளிடம் 'தூங்குறாங்க', 'ஊருக்குப் போயிருக்காங்க' என்று மழுப்பினால் அவர்கள் தூங்கவே பயப்படலாம், வாசலையே பார்த்துக் காத்திருக்கலாம். 'இறந்துட்டாங்க, அவங்க உடம்பு இனி வேலை செய்யாது' என்று சொல்லுங்கள். அழுத கையோடு விளையாட ஓடுவார்கள், அதே கேள்வியைப் பத்து முறை கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் அதே பதிலைப் பொறுமையாகச் சொல்லவேண்டும்.

நெருங்கியவர் இறந்து ஓர் ஆண்டாகியும் (சிறுவர்களுக்கு 6 மாதம்) அநேகமாகத் தினமும் கடும் ஏக்கம் வாட்டி, வேலையோ படிப்போ உறவோ முடங்கியே கிடந்தால், அது நீடித்த துக்கக் கோளாறாக இருக்கலாம். 2022-இல் இந்தக் கோளாறு அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் கண்டறியும் கையேட்டில் சேர்க்கப்பட்டது. அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. நினைவுநாளில் உடைந்து அழுவது மட்டும் இதில் சேராது.

"நானும் அவர்கூடவே போயிருக்கலாம்" என்று ஒருவர் சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. 'ஆமாம்' என்றால் அவரைத் தனியே விடாமல், கூடவே இருந்து அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப்போங்கள்.