நீலக்கல்லுக்குள் இருக்கும் அழுக்கு

நவரத்தினக் கற்களுக்கு உண்மையிலேயே சக்தி உண்டா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சனி தசை நடப்பதால் நீலக்கல் மோதிரம் அணியச் சொன்னார்களாம். விலையைக் கேட்டதும் மலைத்துப்போய் எழுதியிருக்கிறார். சனிக்கோளுக்கும் அந்தக் கல்லுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கடன் வாங்கி அதை வாங்காதீர்கள். கையிருப்பு இருந்தாலும் அந்தப் பணத்தைப் பிள்ளைகளின் படிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதே கல்லைத் திரவ ஹீலியத்தின் குளிருக்குக் கொண்டுசென்று நுண்ணலையைப் பாய்ச்சினால் நடப்பது எதையும் எந்த ஜோசியரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார். அதை நான் சொல்கிறேன்.

நீலக்கல்லும் மாணிக்கமும் ஒரே பொருள்தான்: அலுமினியம் ஆக்சைடு படிகம். தூய நிலையில் அதற்கு நிறமே கிடையாது. அலுமினியம் இருக்க வேண்டிய இடங்களில் ஆங்காங்கே குரோமியம் அமர்ந்துவிட்டால் சிவந்து மாணிக்கமாகிறது; இரும்பும் டைட்டானியமும் அமர்ந்தால் நீலமாகிறது. ஆய்வகங்களில் பயன்படுவது செயற்கையாக வளர்த்த, கண்ணாடிபோல் தெளிந்த படிகம். அதை ஏறக்குறைய 5 செ.மீ. விட்டமுள்ள உருளையாகக் கடைந்து, உலோகக் கூடு ஒன்றுக்குள் நிறுத்துகிறார்கள். உள்ளே செலுத்தப்படும் நுண்ணலை, உருளையின் விளிம்பை உள்பக்கமாக ஒட்டியபடியே சுற்றிச் சுற்றி ஓடுகிறது.

பீஜப்பூரின் கோல் கும்பஸ் மாடத்தில் சுவரோரம் முணுமுணுத்தால் எதிர்ப்பக்கம் நிற்பவருக்குக் கேட்பதும் இதே விளைவுதான். லண்டன் புனித பவுல் பேராலயத்தின் மாடத்தில் ஒலி வளைசுவரை ஒட்டி ஊர்ந்து செல்வதை ஆங்கில இயற்பியலாளர் ரேலி பிரபு விளக்கினார். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1921இல் அங்கேயே போய் அதை ஆராய்ந்தார். மாடத்தில் ஒலி விரைவில் தேய்ந்துவிடும். 4 கெல்வின் (சுமார் −269 டிகிரி செல்சியஸ்) குளிரில் உள்ள நல்ல படிகத்தில் 10 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையோ (நொடிக்கு ஆயிரம் கோடி அலைவுகள்) சுமார் 16 கோடி முறை அலைந்த பிறகுதான் அதன் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. இவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் அலையை வைத்து மிகத் துல்லியமான கடிகாரத் துடிப்பை உருவாக்கலாம்.

இதற்கு ஒரு தடை உண்டு. வெப்பநிலை சற்று ஏறினாலும் படிகம் விரிகிறது. அதன் மின் விடுதிறனும் (மின்புலத்துக்கு இணங்கும் அளவு) கூடுகிறது. இரண்டும் சேர்ந்து, படிகத்துக்குள் நிலைத்துச் சுற்றக்கூடிய அலையின் அதிர்வெண்ணை, அதாவது ஒத்ததிர்வு அதிர்வெண்ணை, கீழே இழுக்கின்றன. குளிர்கலன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதன் வெப்பநிலை சிறிதாவது ஆடத்தான் செய்யும். அது ஆடினால் கடிகாரமும் ஆடும்.

இங்கேதான் படிகத்தில் கலந்திருக்கும் அழுக்கு உதவிக்கு வருகிறது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

எவ்வளவு தூய்மையாக வளர்த்தாலும் படிகத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவில் குரோமியம், இரும்பு, டைட்டானியம் அயனிகள் (மின்னேற்றம் பெற்ற அணுக்கள்) தங்கிவிடுகின்றன. படிகத்தை உருக்கி வளர்க்கும் மூசை மாலிப்டினத்தால் ஆனது என்பதால் மாலிப்டினமும் சேர்ந்துகொள்கிறது. இந்த அயனிகளில் இணை சேராத எலக்ட்ரான்கள் உண்டு. அவற்றின் தற்சுழற்சியால் ஒவ்வோர் அயனியும் ஒரு குட்டிக் காந்தம். வெளியே காந்தமே வைக்காவிட்டாலும், சுற்றியுள்ள படிகத்தின் மின்புலமே இந்தக் காந்தங்களின் ஆற்றல் நிலைகளைப் பிரித்துவைத்துவிடுகிறது. அந்த இடைவெளியைத் தாண்டவைக்கும் நுண்ணலையின் அதிர்வெண்ணாலேயே அதை அளக்கிறார்கள்; அதுவே அயனியின் இயல்பு அதிர்வெண். குரோமியத்துக்கு அந்த இடைவெளி 11.45 கிகாஹெர்ட்ஸ், இரும்புக்கு 12.04 கிகாஹெர்ட்ஸ், மாலிப்டினத்துக்கு இன்னும் மிக உயரம், 165 கிகாஹெர்ட்ஸ் அளவில்.

இனிக் குளிரின் பங்கைப் பாருங்கள். இரும்பின் 12.04 கிகாஹெர்ட்ஸ் இடைவெளியை எடுத்துக்கொள்வோம். அறை வெப்பநிலையில் மேல்நிலையிலும் கீழ்நிலையிலும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் அயனிகள் இருக்கும். வேறுபாடு ஆயிரத்துக்கு ஒன்று. மேலே இருப்பவை கீழே இருப்பவற்றின் விளைவை அழித்துவிடுவதால், அந்த மிச்சம் மட்டுமே நுண்ணலையின் கண்ணில் படும். 4 கெல்வினில் வேறுபாடு நூற்றுக்கு ஏழாக உயர்கிறது. அழுக்கின் அளவு மாறவில்லை. அதன் குரல் மட்டும் எழுபது மடங்குக்கு மேல் பெருகிவிட்டது.

அயனிகளின் இயல்பு அதிர்வெண்ணைவிடக் குறைந்த அதிர்வெண்ணில் நுண்ணலை ஓடினால், குட்டிக் காந்தங்கள் அலையின் காந்தப்புலத்தோடு ஒத்தே அசைந்து அதற்கு வலுச்சேர்க்கின்றன. அதனால் அலை சற்று மெதுவாகிறது. ஒத்ததிர்வு அதிர்வெண் இறங்குகிறது. வெப்பநிலையை ஏற்றினால், மேலே சொன்ன மிச்சம் குறைகிறது, இந்த இழுப்பும் தளர்கிறது, அதிர்வெண் மேலே ஏறுகிறது. ஆக, வெப்பம் கூடும்போது படிகம் அதிர்வெண்ணைக் கீழே இழுக்கிறது. அதிலுள்ள அழுக்கு மேலே விடுகிறது. 6 கெல்வினை ஒட்டிய ஒரு வெப்பநிலையில் இரண்டும் சரிக்குச் சரி. அதிர்வெண்ணை வெப்பநிலைக்கு எதிராக வரைந்தால் அந்தப் புள்ளியில் கோடு ஒரு குன்றின் உச்சிபோல் தட்டையாகிறது. அங்கே நின்றால் வெப்பநிலை இப்படியும் அப்படியும் நூலளவு நகர்ந்தாலும் அதிர்வெண் அசைவதில்லை.

இயற்பியலில் எனக்கு மிகப் பிடித்த இடங்களில் இது ஒன்று. அப்பழுக்கற்ற படிகத்தை யாராவது செய்து கொடுத்தால் அதற்கு இந்த உச்சி இருக்காது. மூசையிலிருந்து தற்செயலாக ஒட்டிக்கொண்ட மாலிப்டினம், பத்து கோடி கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தடுமாறும் ஒரு கருவியைத் தாங்கி நிற்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் உருவான இத்தகைய படிகக் கருவியைத்தான் பாரிஸில் சீசியம் நீரூற்றுக் கடிகாரத்தோடு (குளிர்ந்த சீசியம் அணுக்களை நீரூற்றுபோல் மேலே எறிந்து நேரம் அளக்கும் அணுக்கடிகாரம்) இணைத்தார்கள். 1999இல் அந்தக் கடிகாரம் குவாண்டம் விதிகளே விதிக்கும் இரைச்சல் எல்லையைத் தொட்டது.

படிகத்தில் இருக்கும் அயனி எந்த நுண்ணலைக்கு அசைகிறது என்ற ஆராய்ச்சியை முதலில் தொடங்கியவர்களுக்குக் கடிகாரம் செய்யும் எண்ணமே இல்லை. இந்த அசைவை, அதாவது எலக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வை, சோவியத் இயற்பியலாளர் யெவ்கேனி சவோய்ஸ்கி கண்டறிந்தது 1944இல், கசான் நகரில், போருக்கு நடுவே. அந்த அறிவிலிருந்துதான் மாணிக்க மேசர் என்ற மிகக் குறைந்த இரைச்சல் கொண்ட மிகைப்பான் பிறந்தது. 1964இல் அமெரிக்க வானொலி வானியலாளர்களான பென்சியாஸும் வில்சனும் பிரபஞ்சத்தின் பின்னணிக் கதிர்வீச்சைக் கேட்டது அப்படிப்பட்ட ஒரு குளிரூட்டிய மாணிக்கத்தின் வழியாகத்தான். 2020-21 கணக்குப்படி இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். 2023இல் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003 கோடி ரூபாய் ஒதுக்கியதை மனதார வரவேற்கிறேன். அதில் ஒரு பங்கு, இன்ன பயன் என்று முன்கூட்டியே எழுதித்தர முடியாத அளவீடுகளுக்கும், படிகம் வளர்ப்போருக்கும், ஹீலியத்துக்கும் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ப்புக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. அடித்தளமே இல்லாமல் நாம் தொடங்கவில்லை.

அழுக்கின் வேலை உச்சியைத் தருவதோடு நிற்பதில்லை. இரும்பு அயனிக்கு மூன்று ஆற்றல் படிகள் உண்டு. 31.3 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையை ஊட்டினால் அயனிகள் முதல் படியிலிருந்து மூன்றாம் படிக்குத் தாவுகின்றன; அங்கிருந்து நழுவி இரண்டாம் படியில் குவிகின்றன. முதல் படியைவிட இரண்டாம் படியில் கூட்டம் மிகுந்ததும், ஒன்று விழும்போது அதன் நுண்ணலை அடுத்ததையும் தட்டி விழச்செய்கிறது. விளிம்பில் சுற்றும் அலை ஒவ்வொரு சுற்றிலும் வலுக்கிறது. 2005இல் பிரான்சின் பெசன்சோன் ஆய்வாளர்கள் பெர்த் குழுவினரோடு சேர்ந்து இதைச் செய்து காட்டினார்கள். எந்த மின்னணு மிகைப்பானும் இல்லாமல், படிகத்தில் எஞ்சியிருந்த இரும்பு மட்டுமே 12.04 கிகாஹெர்ட்ஸில் தானாக ஒலிபரப்பியது.