இதயத்துடிப்பு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதன் பெயரைச் சொல்லுங்கள்

இதயத்துடிப்பைச் சீராக்கும் மாத்திரைகளில் சிலவற்றுக்கு ஒரு குணம் உண்டு. சாப்பிடுவது நெஞ்சுக்காக. தொல்லை தலைகாட்டுவது கண்ணில், தோலில், தைராய்டில், நுரையீரலில். அதுவும் பல மாதம் கழித்து வரும். அதற்குள் அந்த மாத்திரை பல் துலக்குவதுபோலப் பழகிப்போய், அதன்மேல் யாருக்கும் சந்தேகமே வராது. கண்ணுக்கு ஒரு டாக்டர், தோலுக்கு ஒரு டாக்டர், இருமலுக்குப் பக்கத்து மருந்துக்கடை என்று அலைவார்கள்.

குமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம் மருந்தாளுநராக இருக்கிறேன். "நெஞ்சுப் படபடப்புக்குள்ள வெள்ளக் குளிகை ஒரு அட்டை தாங்க சாரே" என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். கடையில் பாதி மாத்திரை வெள்ளைதான். சீட்டு எங்கே என்றால் மகன் போனில் இருக்கும், மகன் குவைத்தில் இருப்பார்.

இங்கே பலருக்கு இருப்பது ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன், சீட்டில் ஏ.எஃப். என்று எழுதியிருக்கும். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களுக்கும் வரும், வயதானவர்களுக்கும் பிரஷர் உள்ளவர்களுக்கும் வரும். துடிப்பின் வேகத்தைக் குறைக்க மெட்டோப்ரோலால், டில்டியாசம், டிகாக்சின். தாளத்தையே பிடித்து நிறுத்த அமியோடரோன். ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்விடாமல் இருக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ. இதில் அமியோடரோனைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

200 மில்லிகிராம் அமியோடரோன் மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. அதில் ஒரு சிறு பங்கு மட்டுமே உடலில் பிரிந்து வரும் என்றாலும், ஒரு நாளைக்கு நமக்குத் தேவையான 0.15 மில்லிகிராமைவிட அது பல மடங்கு. அதனால் தைராய்டு குறையவும் செய்யலாம், கூடவும் செய்யலாம். குறைந்தால் சோர்வு, மலச்சிக்கல், எடை ஏறுதல்; "வயசாச்சுல்லா" என்று விட்டுவிடுவார்கள். கூடினால் எடை இறங்கும், கை நடுங்கும், அடங்கியிருந்த படபடப்பு திரும்ப வரும். மாத்திரை கேட்கவில்லை என்று நினைத்துத் தாமாகவே ஒன்று கூடுதலாகப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. அது எரிகிற தீயில் எண்ணெய்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் தைராய்டுக்கான டி.எஸ்.எச்., கல்லீரலுக்கான எஸ்.ஜி.பி.டி. பார்த்தால் இதை முன்பே பிடித்துவிடலாம். டாக்டர் எழுதித் தரவில்லை என்றால் நீங்களே கேளுங்கள், தப்பில்லை.

அடுத்தது வெயில். இந்த மருந்து தோலில் தங்கும். குளச்சலிலும் முட்டத்திலும் கடலுக்குப் போகிறவர்களுக்குச் சாதாரண வெயிலே சுட்டதுபோல் எரியும். வருடக்கணக்கில் சாப்பிட்டால் முகம் நீலம் கலந்த சாம்பல் நிறமாகலாம். பஸ் ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலும் போதும். முழுக்கைச் சட்டை, தொப்பி, முகத்துக்கு ஜிங்க் ஆக்சைடு உள்ள கிரீம். "ஆம்பிளைக்கு எதுக்கு கிரீம்" என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இரவில் தெருவிளக்கைச் சுற்றி வட்டம் தெரிவதும் இதனால் இருக்கலாம். கருவிழியில் படியும் நுண்ணிய துகள்கள்தான் காரணம், பெரும்பாலும் பார்வையைக் கெடுக்காது. பார்வையே மங்கினால் உடனே கண் டாக்டரிடம் போக வேண்டும். இவற்றையெல்லாம்விட நான் பயப்படுவது வறட்டு இருமலுக்கும் புதிதாக வரும் இளைப்புக்கும். நுரையீரல் பாதிப்பு அபூர்வம், ஆனால் வந்தால் விளையாட்டில்லை. அமியோடரோன் சாப்பிடுகிறவர் இருமல் டானிக் கேட்டால் நான் கொடுப்பதில்லை, டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிடுவேன். வியாபாரம் போனாலும் சரி.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எந்த மருந்தை நிறுத்தலாம், எதை மெல்லக் குறைக்க வேண்டும் என்பது இதய டாக்டர் சொல்ல வேண்டியது. மெட்டோப்ரோலாலைச் சட்டென்று விட்டால் துடிப்பு எகிறும், நெஞ்சுவலிகூட வரலாம். அமியோடரோன் அதற்கு நேர் எதிர். நிறுத்தினாலும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் உடலில் இருக்கும். "நான் அத நிறுத்தி ஒரு மாசம் ஆச்சு" என்பவரிடமும் புது மருந்து கொடுக்குமுன் யோசிக்கத்தான் வேண்டும்.

அந்த யோசனை அதிகம் தேவைப்படுவது மழைக்காலத்தில். எங்கள் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. கூடவே காய்ச்சலும் தொண்டைவலியும். "ஒரு அசித்ரோமைசின் தாங்க" என்பார்கள். அந்த ஆன்டிபயாடிக்கைச் சீட்டில்லாமல் கொடுப்பதே தவறு. அமியோடரோனோடு சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான விதத்தில் தடம் புரளலாம். லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கும், வாந்திக்கு வாங்கும் டோம்பெரிடோனும் அப்படித்தான்.

வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு அமியோடரோனைப் புதிதாகச் சேர்த்தால் வார்ஃபரின் அளவை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை குறைக்க வேண்டிவரும். அமியோடரோனால் வார்ஃபரினின் விளைவு மெல்ல ஏறும் என்பதால், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை முதல் சில வாரம் அடிக்கடி பார்க்க வேண்டும். பலருக்கு அது 2க்கும் 3க்கும் நடுவில் இருக்க வேண்டும். செயற்கை வால்வு வைத்தவர்களுக்கு வேறு கணக்கு. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் வலிமாத்திரை வேண்டாம். அழுத்தித் தேய்க்கும் உழிச்சலும் வேண்டாம், தோலுக்கடியில் ரத்தம் கட்டும். முருங்கைக்கீரையை அடியோடு விலக்கத் தேவையில்லை. ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் இல்லவே இல்லை என்று மாற்றாமல் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். மலம் கறுப்பாகப் போனாலோ பல் ஈறில் ரத்தம் நிற்காமல் வந்தாலோ காத்திருக்கக் கூடாது.

மலையோரத்தில் விடியுமுன் வெறும் வயிற்றோடு ரப்பர் வெட்டப் போகிற, சர்க்கரைக்கும் மாத்திரை எடுக்கிற ஆட்களுக்குத் தனியாக ஒன்று. சர்க்கரை இறங்கினால் வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் மெட்டோப்ரோலால் மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. காரணமில்லாமல் வியர்த்து, கிறக்கமாக வந்தால் உடனே இனிப்பாக ஏதாவது சாப்பிடுங்கள்.

இன்னொரு சிக்கல், நாம் கேரள எல்லையில் இருப்பதால் வருவது. சிலர் திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்ரா மருத்துவமனையில் பார்க்கிறார்கள், சிலர் இங்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில், சிலர் இரண்டிலும். அங்கே வாங்கிய அட்டையில் ஒரு கம்பெனிப் பெயர், இங்கே வாங்கியதில் வேறொன்று. இரண்டும் ஒரே மெட்டோப்ரோலால் என்று தெரியாமல் இரண்டையும் விழுங்கி, நாடித்துடிப்பு நாற்பதுக்கு இறங்கித் தள்ளாடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அட்டையில் கம்பெனிப் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி, கூடவே மருந்தின் பெயரும் அச்சாகியிருக்கும். அதைப் பேரப்பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லி, தமிழில் ஒரு தாளில் எழுதி, ஆதார் அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

தூத்தூர், வள்ளவிளைப் பகுதியிலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் தொழிலாளர்கள் வார்ஃபரின் சாப்பிட்டால் கிளம்புமுன் ஐ.என்.ஆர். பார்த்துவிட்டு, திரும்பும் நாள்வரைக்கும் அதற்குமேல் இரண்டு வாரத்துக்கும் ஆன மாத்திரையை நனையாத டப்பாவில் எடுத்துக்கொள்ள வேண்டும். மருந்துப் பெயர் எழுதிய அந்தத் தாளின் ஒரு நகல் படகு ஓட்டுநரிடமும் இருக்கட்டும். கடலில் ஒரு வேளை மாத்திரை மறந்துபோனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போட வேண்டாம், வழக்கமான ஒன்றே போதும்.