ஜன்னல், காலதர், சாளரம், பலகணி

ஜன்னல் போர்த்துக்கீசியச் சொல். 16ஆம் நூற்றாண்டில் நம் கடற்கரைக்கு வந்தவர்கள் 'ஜனேலா' என்றதைத்தான் நாம் ஜன்னல் ஆக்கிக்கொண்டோம். சாவி, மேசை, அலமாரி எல்லாம் அந்த மொழியிலிருந்து வந்தவையே. ஜனேலாவின் வேர், கதவைக் குறிக்கும் 'ஜானுவா' என்ற இலத்தீன் சொல். அதன் சிறுமை வடிவம் என்பதால் 'சின்னக் கதவு' என்பதே நேர்ப்பொருள். கிரந்த எழுத்து வேண்டாதவர்கள் சன்னல் என்று எழுதுவார்கள். எழுத்து தமிழாகிறது, சொல் அதேதான்.

தமிழில் ஏற்கெனவே இருந்த சொற்களில் மிக அழகானது காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரம் புகார் நகரத்து மாளிகைகளைச் சொல்லும்போது 'மான்கண் காலதர்' என்கிறது: மானின் கண்போல அமைந்த காற்றுவழி. ஆங்கிலத்தின் விண்டோவும் 'காற்றுக்கண்' என்னும் பழைய நார்ஸ் சொல்லிலிருந்து வந்ததுதான். அதே காப்பியத்தில் 'கோலச் சாளரக் குறுங்கண் நுழைந்து' தென்றல் வரும் இடமும் உண்டு. சாளரத்தை வலை என்று பொருள்படும் 'ஜால' என்ற வடசொல்லோடு அகராதிகள் சேர்க்கின்றன. பின்னல் துளைகளே அதன் அடையாளம். பலகணி, பல கண்களை உடையது.

இவற்றை ஒரே பொருட்சொற்கள் என்று வரிசையாக அடுக்கிவிட்டுப் போவது எனக்கு ஒப்புதல் இல்லை. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ ஒரு பழைய வீட்டுக்குள் நின்று பார்த்தால் காரணம் புரியும். தெருப்பக்க அறையில் பர்மா தேக்குச் சட்டம், நெட்டுக்கு இரும்புக் கம்பிகள், மேலே ஒரு சோடி, கீழே ஒரு சோடி என நாலு கதவுகள். கீழ்ச்சோடியைச் சாத்தி மேல்சோடியைத் திறந்துவைத்தால் தெருவில் போகிறவர் பார்வை உள்ளே விழாது, காற்று மட்டும் வரும். 'சின்னக் கதவு' என்ற பெயர் இதற்கு அச்சாகப் பொருந்துகிறது. ஜன்னல் என்றே சொல்லலாம்.

அதே அறையில் கூரையை ஒட்டி உயரத்தில் விட்டிருக்கும் திறப்பை இன்று வெண்டிலேட்டர் என்கிறோம். அதைத்தான் காலதர் என்று அழைக்க வேண்டும். சூடான காற்று மேலேறி அதன் வழியே வெளியேறும். அந்த இடத்துக்கு, வீட்டின் நடுப்பகுதியான வளவின் முற்றத்திலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். புறா வருகிறது என்று அதைச் செங்கல் வைத்து அடைத்தால் சூடு அறைக்குள்ளேயே நிற்கும். கம்பிவலை அடித்தால் போதும்.

பின்னல் வேலைப்பாடு உள்ளதற்குச் சாளரம், பலகணி இரண்டும் பொருந்தும். சாளரம் இப்போது கணினித் திரைக்கும் 'ஒற்றைச் சாளர முறை'க்கும் போய்விட்டது. அது நல்ல வளர்ச்சிதான். பலகணியை ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக பால்கனிக்கு வைப்பது பிழை. பால்கனிக்கு மாடமுகப்பு இருக்கிறது.

கட்டட வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஈரமும் வெப்பமும் சேர்ந்த இடங்களில் திறப்புகளின் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்கட்டும் என்பது தேசியக் கட்டட விதி. வறண்ட வெப்பப் பகுதிக்குப் பத்தில் ஒரு பங்கு. 12க்கு 10 அடி அறை 120 சதுர அடி. முதல் கணக்குப்படி 20 சதுர அடி, இரண்டாவதன்படி 12 சதுர அடி திறப்பு வேண்டும்.

பழைய ஜன்னல்களில் முதலில் கெடுவது கம்பி கீழ்ச்சட்டத்தில் இறங்கும் குழி. மழைநீர் அங்கே தேங்கும், இரும்பு துருவேறிப் பருக்கும், தேக்கு நார்வாக்கில் பிளக்கும். வெறும் பெயிண்டை மேலே பூசினால் ஈரம் உள்ளே சிறைப்படும். துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு என்ற துருத்தடுப்புப் பூச்சு அடித்து, குழியைப் பட்டிப் பசையால் (putty) அடைத்து, கீழ்ச்சட்டம் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே வண்ணம். ஐப்பசி மழையில் கதவு இறுகினால் உடனே இழைக்கச் சொல்லாதீர்கள். இழைத்துவிட்டால், மாசியில் மரம் காய்ந்ததும் இடைவெளி விழுந்துவிடும்.