கழுவாய்: சொல் விளக்கம்

குற்றம் செய்த ஒருவன் அதற்கு ஈடாக ஏதாவது செய்யத் துடிக்கும் நாவலைப் பற்றி எழுத உட்கார்ந்தால், ‘பிராயச்சித்தம்’ என்ற சொல்தான் முதலில் கைக்கு வரும். இது வடசொல். ‘பிராயஸ்’ என்றால் தவம், ‘சித்தம்’ என்றால் உறுதி என்று மரபாகப் பொருள் சொல்வார்கள். எந்தப் பாவத்துக்கு என்ன நோன்பு, என்ன தானம் என்று மனு ஸ்மிருதியின் 11-ஆம் அத்தியாயம் விதிக்கிறது. சொல்லோடு இந்த விதிமுறை வாசனையும் சேர்ந்தே வருகிறது.

இதற்கு நேரான பழந்தமிழ்ச் சொல் கழுவாய். ‘கழுவு’ என்ற வினையிலிருந்து வந்தது. புறநானூற்றின் 34-ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் கிள்ளிவளவனிடம் சொல்கிறார்: பசுவின் மடியை அறுத்தவர்க்கும், பெண்ணின் கருவைச் சிதைத்தவர்க்கும் கூட ‘வழுவாய் மருங்கில் கழுவாயும் உள’, செய்த நன்றியைக் கொன்றவனுக்கு மட்டும் உய்தி இல்லை. வழுவாய், கழுவாய். முதலெழுத்து ஒன்றுதான் வேறு. தவறுக்கும் அதைக் கழுவும் வழிக்கும் இவ்வளவு நெருக்கமான இரு சொற்களை அந்தப் புலவர் அருகருகே வைத்ததை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

அதே பாட்டில் வரும் ‘உய்தி’யையும் விட்டுவிடக் கூடாது. ‘எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம்’ என்னும் 110-ஆம் குறளில் இருப்பதும் இதுதான். பாவத்திலிருந்து நீங்கும் வாயில் என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. கழுவாய் என்பது செயல். உய்தி அதனால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ‘மீட்பு’ கொஞ்சம் வேறு. அடகு வைத்ததை மீட்பது போல, இன்னொருவர் கையிலிருந்து திரும்பப் பெறுவது அது. கிறித்தவத் தமிழில் இந்தச் சொல் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அங்கே மீட்பவர் ஒருவர் உண்டு. தன்னைத் தானே கரையேற்றிக்கொள்ளப் போராடும் பாத்திரத்துக்கு ‘உய்தி’யே பொருந்தும் என்பது என் எண்ணம்.

சரி, நாவலில் கழுவாய் எப்படி நடக்கிறது? டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ (1899) நாவலில் நெஹ்லூதவ் இளம் வயதில் மாஸ்லவாவைக் கெடுத்து, கையில் நூறு ரூபிளைத் திணித்துவிட்டுப் போகிறான். பல ஆண்டுகள் கழித்து, கொலைக் குற்றம் சாட்டப்பட்டு அவள் கூண்டில் நிற்க, அவன் ஜூரிகளில் ஒருவனாக உட்கார்ந்திருக்கிறான். நெஞ்சு சுடுகிறது. இதுதான் குற்றவுணர்வு. சிறைக்குப் போய், உன்னையே மணந்துகொள்கிறேன் என்கிறான். அவளோ சீறுகிறாள்: அன்று என்னை வைத்து இன்பம் தேடினாய், இன்று என்னை வைத்தே உன் ஆன்மாவைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறாயா?

அந்தக் கேள்வியில்தான் சொல்லின் முழு எடையும் இருக்கிறது. அந்த நூறு ரூபிள் அவனுக்கு ஒருவகைப் பரிகாரம்: கொடுத்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது. ‘பரிஹார’ என்றால் விலக்குதல், நீக்குதல். தோஷத்தை விலக்க நமக்கு நாமே செய்துகொள்வது அது. பாதிக்கப்பட்டவர் எதிரில் இருக்க வேண்டியதில்லை. கழுவாய்க்கு அந்த ஆள் வேண்டும், அவருக்கு மறுக்கும் உரிமையும் வேண்டும். அதனால் ஒரு பாத்திரம் கோயிலுக்குக் காணிக்கை செலுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கினால், அதைக் கழுவாய் என்று எழுத எனக்குக் கை வராது.

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் ‘யானே கள்வன்’ என்று சொல்லி உயிர் விடுகிறான். வல்வினை வளைத்த கோலை அவன் உயிர் நிமிர்த்திச் செங்கோலாக்கியது என்கிறான் செங்குட்டுவன். கோல் நிமிர்ந்தது உண்மை. கோவலன் திரும்பவில்லை, கண்ணகியின் சினமும் ஆறவில்லை, மதுரை எரிந்தது. இங்கே கழுவாய் உண்டு, உய்தி உண்டா என்று தயங்கத்தான் வேண்டியிருக்கிறது.

எழுதும்போது ‘கழுவாய் தேடினான்’, ‘கழுவாய் செய்தான்’ இரண்டும் சரி. மாஸ்லவா கடைசியில் சைபீரியாவில் சைமன்சன் என்ற அரசியல் கைதியோடு வாழ முடிவு செய்கிறாள். நெஹ்லூதவுக்கு நான் ‘தேடினான்’ என்றே எழுதுவேன்.