ஸ்கேல்ல 45 காட்டுது, ஆனா நாலாவது மூலை ஏன் சேர மாட்டேங்குது?

மரவேலைக்குப் புதுசா வர்ற பசங்க என்கிட்ட அதிகமா கேக்குற கேள்வி இதுதான். "அண்ணே, ஃபிரேமுக்கு மெஷின்ல கரெக்டா 45 வச்சுதான் வெட்டினேன், மூணு மூலை நல்லா உக்காருது, நாலாவது மட்டும் வாயைப் பொளந்துட்டு நிக்குது." உடனே மரம் சரியில்லைன்னு சொல்லிட்டு மக்கு (புட்டி) வச்சு அடைச்சிடுறாங்க, பெயின்ட் அடிச்சா தெரியாதுன்னு ஒரு நம்பிக்கை. ஆனா நான் பாத்த வரைக்கும் பெரும்பாலும் தப்பு மரத்துல இருக்காது, மைட்டர் சாவோட (கோணம் வச்சு மரம் வெட்டுற மெஷின்) ஃபென்ஸ், அதாவது மரத்தை ஒட்டி வைக்குற பின்பக்கத் தடுப்பு, லேசா நகர்ந்திருக்கும், இல்ல கோணம் காட்டுற ஸ்கேலோட முள்ளு தள்ளியிருக்கும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு ஃபிரேமுக்கு நாலு மூலை, அதுக்கு எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டுலயும் அரை டிகிரி பிசகினா எட்டும் சேர்ந்து 4 டிகிரி. முதல் மூணு மூலையை இறுக்கி ஒட்டிட்டீங்கன்னா அந்த மொத்தப் பிசகும் கடைசி மூலைல வந்து நிக்கும், 60 மில்லி அகலமுள்ள பட்டைல அது கிட்டத்தட்ட 6 மில்லி திறந்திருக்கும். அரை டிகிரிங்கிறது ஸ்கேல்ல கண்ணுக்கே தெரியாது, முள்ளோட தடிமனே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். அதனாலதான் ஸ்கேலை நம்பாதீங்க, வெட்டுன துண்டை நம்புங்கன்னு சொல்லிட்டே இருக்கேன்.

செட் பண்ண உக்காரும்போது முதல் வேலை பிளக்கை உருவுறது. சுவிட்ச் ஆஃப் பண்ணா போதாது, பேட்டரி மெஷின்னா பேட்டரியைக் கழட்டி தள்ளி வைங்க. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, செட் பண்ணும்போது ஒரு கையால கைப்பிடியை அமுக்கி மெஷினோட தலையை (பிளேடும் மோட்டாரும் இருக்குற மேல்பாகம்) கீழ இறக்குவோம், ட்ரிகர் இருக்குறதும் அதே கைப்பிடிலதான், இன்னொரு கை மூலைமட்டத்தை (90 டிகிரி பாக்குற L வடிவ மட்டம்) பிடிச்சுக்கிட்டு பிளேடை ஒட்டி இருக்கும். கவனம் மூலைமட்டத்துல இருக்கும்போது விரல் தானா ட்ரிகர்ல பட வாய்ப்பு இருக்கு. அனுபவப்பட்ட ஆளுங்களே இதுல அசட்டையா இருக்குறதைப் பாத்திருக்கேன், தயவுசெஞ்சு அப்படி இருக்காதீங்க.

அடுத்து தூசி. மெஷினோட டேபிள், அதாவது கோணத்துக்குத் திரும்புற தட்டு, ஒவ்வொரு கோணத்துலயும் போய் உக்கார்ற காடிகள் இருக்குல்ல, அதுக்குள்ள மரத்தூள் அடைச்சிருந்தா கிளிக்னு சத்தம் கேக்கும், ஆனா முழுசா உக்காந்திருக்காது. பிரஷ் வச்சு சுத்தம் பண்ணுங்க, ஃபென்ஸோட அடிப்பக்க மூலையையும் சேர்த்து.

இப்போ டேபிளை 0ல வச்சு லாக் பண்ணுங்க, தலையை இறக்கி லாக் பின்னைப் போடுங்க. மூலைமட்டத்தோட ஒரு பக்கத்தை ஃபென்ஸ்லயும் இன்னொரு பக்கத்தை பிளேடுலயும் ஒட்டி வைங்க. இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. பிளேடோட பல்லு முனைல இருக்குற கார்பைடு, பிளேடு தகட்டை விட அகலம். மட்டம் பல்லு மேல பட்டுச்சுன்னா தூக்கிக்கிட்டு நிக்கும், அதைப் பாத்து நீங்க ஃபென்ஸைத் திருப்பி நல்லா இருந்ததையும் கெடுத்துடுவீங்க. பிளேடைக் கையால மெதுவா சுத்தி, மட்டம் ரெண்டு பல்லுக்கு நடுவுல தகட்டுல மட்டும் படுற மாதிரி வச்சுக்கோங்க. பின்னாடி வெளிச்சம் இருந்தா நல்லது, மயிரிழை சந்து இருந்தாலும் தெரிஞ்சிடும். சந்து தெரிஞ்சா ஃபென்ஸ் போல்ட்டை ஆலன் கீ வச்சுத் தளர்த்தி நேராக்குங்க (சில மெஷின்ல ஃபென்ஸுக்குப் பதிலா காடித் தகட்டோட ஸ்க்ரூவைத்தான் தளர்த்தணும், கூட வந்த மேனுவல்ல போட்டிருப்பாங்க). இறுக்கும்போது ஒரே போல்ட்டை முழுசா இறுக்காதீங்க, ஃபென்ஸ் கூடவே திரும்பிடும், மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா இறுக்கிட்டு திரும்ப ஒருதடவை மட்டம் வச்சுப் பாருங்க.

அப்புறம் பிளேடோட சாய்வு. மட்டத்தை டேபிள் மேல நிக்க வச்சு பிளேடு செங்குத்தா இருக்கான்னு பாத்து, ஸ்டாப் போல்ட்டைத் திருப்பி சரி பண்ணுங்க, 45 சாய்வுக்கும் தனி ஸ்டாப் இருக்கும். முள்ளை 0க்கு நகர்த்துறது எல்லாத்துக்கும் கடைசில.

செட் பண்ணது சரியான்னு கண்டுபிடிக்க நான் பண்றது இதுதான். ரெண்டு ஓரமும் இணையா இருக்குற, 100 மில்லிக்குக் குறையாத அகலப் பலகை ஒண்ணை நடுவுல நேரா வெட்டுங்க. ஒரு துண்டை மட்டும் தலைகீழாப் புரட்டிப் போட்டு, ரெண்டு துண்டோட ஓரத்தையும் ஃபென்ஸோட ஒட்டி, வெட்டுவாயை வெட்டுவாயோட சேருங்க. பிசகு ரெண்டு மடங்காத் தெரியும், ஒளிக்க முடியாது. பலகை அகலத்துல ஒரு ஓரம் திறந்து நின்னா ஃபென்ஸ் கோளாறு, கனத்துல மேலயோ கீழயோ திறந்து நின்னா சாய்வு கோளாறு.

மெஷின் சரியா இருந்தும் சுவத்துல பீடிங் (ஓரப்பட்டை) சேராம போறதுக்குக் காரணம் வேற, சுவர் மூலை பெரும்பாலும் 90 இருக்காது. அளந்து பாருங்க. வந்த கோணத்தை 180ல கழிச்சுப் பாதியாக்கினா அதுதான் மெஷின்ல வைக்க வேண்டிய எண். மூலை 92ன்னா 44, 88ன்னா 46. நிறைய பேர் 92ல பாதி 46ன்னு வச்சு சந்தை இன்னும் பெருசாக்கிடுறாங்க, மெஷின்ல 0ங்கிறது நேர் வெட்டுங்கிறது மறந்துபோகுது. 44.5 மாதிரி வைக்கும்போது டேபிள் 45 காடிக்கே இழுத்துட்டுப் போகும், அதனால டேபிளை லாக் பண்ற நாப்பை இறுக்கின பிறகு முள்ளை இன்னொருதடவை பாருங்க, வேஸ்ட் துண்டுல வெட்டி மூலைல வச்சுப் பாத்துட்டு நல்ல மரத்தைத் தொடுங்க.

சாய்ச்சு வெட்டப்போறீங்கன்னா மேல் ஃபென்ஸை வெளிய தள்ளி வைங்க, இல்லன்னா பிளேடு அலுமினியத்தைக் கடிச்சிடும். பிளக் போடுறதுக்கு முன்னாடியே தலையை ஒருதடவை இறக்கிப் பாத்தா எங்க இடிக்குதுன்னு தெரிஞ்சிடும்.

ஒரு விஷயம் என் கையால நடந்தது. ஒரே அளவுல நிறைய துண்டு வேணும்னு ஸ்டாப் கட்டை (அளவுக்குத் தடுப்பா நிக்குற கட்டை) வச்சு 45ல வெட்டிட்டு இருந்தேன், மரத்தை ஒரு பக்கம் பிடிச்சிருக்கேன், ஸ்டாப் இருந்தது அறுந்து விழற துண்டுப் பக்கம். பிளேடு சுத்திட்டு இருக்கும்போதே தலையைத் தூக்கினேன், அந்தத் துண்டு பிளேடுக்கும் ஸ்டாப்புக்கும் நடுவுல மாட்டி, சுவத்துல அடிச்ச சத்தம் கேட்ட பிறகுதான் அது பறந்ததே எனக்குத் தெரிஞ்சது. முகத்துல பட்டிருந்தா கண்ணு போயிருக்கும். அன்னைல இருந்து ஸ்டாப் எப்பவும் நான் கிளாம்ப் போட்டுப் பிடிச்சிருக்கிற பக்கம்தான், அறுந்து விழற துண்டு சும்மா கிடக்கணும். வெட்டி முடிஞ்சதும் ட்ரிகரை விட்டு, பிளேடு முழுசா நின்ன பிறகுதான் தலையைத் தூக்குறேன். கோண வெட்டுல மரம் ஃபென்ஸை ஒட்டியே வழுக்கும், அதனால வெறும் கையால பிடிக்காம கிளாம்ப் போடுங்க. கை பிளேடுல இருந்து குறைஞ்சது 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கணும், கையுறை வேண்டாம், பல்லு இழுத்துக்கும். சின்னத் துண்டு வேணும்னா நீளமான மரத்துல இருந்து வெட்டி எடுங்க.

மெஷினைத் தூக்கிட்டு வேலை இடம் மாறும்போது வழில ஒரு குலுக்கல் போதும் ஃபென்ஸ் நகர, அதனால புது இடத்துல இறக்குன உடனே நான் முதல்ல வெட்டுறது அந்தப் புரட்டிப் பாக்குற பலகையைத்தான், அதுக்குன்னே ஒரு பலகை எப்பவும் மெஷினோடவே கட்டி வச்சிருக்கேன்.