நிறுவனச் செயலியை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்

விற்பனைப் பிரதிநிதிகள் ஆர்டர் எடுக்க ஒரு செயலி, ஃபைனான்ஸ் வசூலுக்கு ஒன்று, பால் கொள்முதல் கணக்குக்கு ஒன்று, அபார்ட்மெண்ட் வாசலில் வருகைப் பதிவுக்கு ஒன்று. தமிழ்நாட்டில் நடுத்தர நிறுவனங்கள் பலவும் தமக்கெனத் தனிச் செயலி வைத்திருக்கின்றன. வெளியாருக்குத் தேவைப்படாதது என்பதால் பிளே ஸ்டோரில் ஏற்றுவதில்லை. செய்து கொடுத்தவர் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு) வாட்ஸ்அப் குழுவில் போடுவார். ‘எல்லாரும் இன்னிக்கே இன்ஸ்டால் பண்ணிடுங்க’ என்று மேலாளர் அதன் கீழே எழுதுவார்.

அதே வாட்ஸ்அப்பில்தான் ‘ஆர்டிஓ சலான்’, ‘கல்யாணப் பத்திரிகை’, ‘கேஒய்சி அப்டேட்’ என்ற பெயர்களில் திருட்டு ஏபிகேக்களும் வருகின்றன. திருடன் எதிர்பார்ப்பது ஒரே ஒரு பழக்கத்தை: வந்த கோப்பைத் தொட்டு, எச்சரிக்கை வந்தால் ‘அனுமதி’ கொடுத்து நிறுவிவிடுவது. அந்தப் பழக்கத்தை ஊழியருக்குக் கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் அவர் வேலை பார்க்கும் நிறுவனமேதான். செயலி வைத்திருக்கும் முதலாளிகளும் செய்து தருபவர்களும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

திறந்தே கிடக்கும் அனுமதி

2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8க்கு முன்பு, ‘தெரியாத மூலங்கள்’ என்று போன் முழுவதற்கும் ஒரே சுவிட்ச்தான் இருந்தது. இப்போது குரோம், வாட்ஸ்அப், ஃபைல் மேனேஜர் என்று ஒவ்வொன்றுக்கும் ‘தெரியாத ஆப்களை நிறுவும் அனுமதி’ தனித்தனியாக உண்டு. முதல் தடவை வாட்ஸ்அப்பிலிருந்து ஏபிகேயைத் திறக்கும்போது போன் தடுக்கும். அமைப்புக்குப் போய் அனுமதியை இயக்கினால்தான் வேலை நடக்கும். சிக்கல் என்னவென்றால், அந்த அனுமதி தானாக மூடிக்கொள்வதில்லை. நிறுவனச் செயலிக்காக ஜனவரியில் கொடுத்தது, ஆகஸ்டில் ‘சலான்’ வரும்போதும் திறந்தே இருக்கும். முதல் தடவை காட்டிய எச்சரிக்கைத் திரை அப்போது வராது.

உங்கள் ஊழியர்களின் போன்களில் இன்றே பாருங்கள்: அமைப்புகள், ஆப்ஸ், சிறப்பு அணுகல், ‘தெரியாத ஆப்களை நிறுவுதல்’. சாம்சங்கில் ‘பாதுகாப்பும் தனியுரிமையும்’ பகுதியிலும் இது இருக்கும். வாட்ஸ்அப், டெலிகிராம், குரோம் மூன்றுக்கும் அது அணைந்திருக்க வேண்டும். அணைத்தால் ஏற்கெனவே நிறுவிய செயலிக்கு ஒன்றும் ஆகாது.

கையொப்பச் சாவி

ஒவ்வொரு ஏபிகேயிலும் அதைச் செய்தவரின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். அதைப் போடப் பயன்படும் ரகசியக் கோப்புதான் சாவி. ஏற்கெனவே இருக்கும் செயலியின் மேல் புதிய பதிப்பை ஏற்றினால், இரண்டின் கையொப்பமும் ஒன்றாக இருக்கிறதா என்று ஆண்ட்ராய்டு பார்க்கும். வேறாக இருந்தால் ‘செயலி நிறுவப்படவில்லை’ என்று நின்றுவிடும். பதிப்பு எண் பழையதைவிடக் குறைவாக இருந்தாலும் நிறுவாது.

நடைமுறையில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். செய்தவர் அவசரத்துக்கு, சோதனைக்கான ‘டீபக்’ பதிப்பை அனுப்பிவிடுவார். அதற்கான சாவியை, செயலி செய்யும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ அவருடைய கணினியில் தானாக உருவாக்கியிருக்கும். அவர் லேப்டாப் மாற்றினாலோ, வேலையை வேறொருவர் எடுத்தாலோ அடுத்த பதிப்பின் கையொப்பம் மாறிவிடும். ‘பழையதை அன்இன்ஸ்டால் பண்ணிட்டுப் போடுங்க’ என்று குழுவில் செய்தி வரும். சிக்னல் இல்லாத கிராமத்தில் எடுத்து, சர்வருக்கு இன்னும் போகாத ஆர்டர்கள் அந்தப் பழைய செயலிக்குள் இருந்திருந்தால் எல்லாமே அதோடு போய்விடும். டீபக் பதிப்புக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: யுஎஸ்பி டீபக்கிங் (கணினியிலிருந்து போனைக் கையாள விடும் அமைப்பு) இயக்கிய போனை ஒரு கணினியில் செருகினால், அந்தச் செயலி உள்ளே சேமித்த தகவல்களை எளிதாக எடுத்துவிடலாம். ஆகவே ஊழியர் கைக்குப் போவது எப்போதும் வெளியீட்டுக்கான ‘ரிலீஸ்’ பதிப்பாகவே இருக்க வேண்டும்.

அதற்கான சாவிக்கோப்பைக் கீடூல் கருவியால் உருவாக்குவார்கள். சாவியின் வகை ஆர்எஸ்ஏ 2048 பிட், செல்லுபடி 25 ஆண்டுக்குக் குறையாமல் வைப்பது வழக்கம் (10,000 நாள் என்று கொடுத்தால் 27 ஆண்டு வரும்). இந்தக் கோப்பும் கடவுச்சொல்லும் தொலைந்தால் அந்தச் செயலிக்கு இனி அப்டேட் கொடுக்க முடியாது. ஆண்ட்ராய்டு 9 முதல் சாவியை மாற்றிக்கொள்ள வழி உண்டு. ஆனால் அதற்கும் பழைய சாவி கையில் இருக்க வேண்டும். எனவே கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் சாவிக்கோப்பு, கடவுச்சொல், மூலநிரல் மூன்றையும் எழுத்துபூர்வமாகப் பெற்று இரண்டு தனி இடங்களில் வையுங்கள். வாட்ஸ்அப்பிலோ பொதுக் கிட்ஹப்பிலோ (நிரல்களைச் சேமிக்கும் தளம்) வைக்கக் கூடாது. சாவி திருடன் கைக்குப் போனால், உங்கள் செயலியின் மேலேயே ஏறிக்கொள்ளும் போலிப் பதிப்பை அவனால் செய்ய முடியும்.

கோப்பு உண்மையானதா என்று பார்க்க, செயலி செய்வதற்கான கருவித் தொகுப்பான ஆண்ட்ராய்டு எஸ்டிகேயின் பில்ட் டூல்ஸ் கோப்புறையில் ‘ஏபிகே சைனர்’ என்ற கருவி இருக்கிறது. அது காட்டும் சான்றிதழின் எஸ்எச்ஏ-256 கைரேகை (சான்றிதழை அடையாளம் காட்டும் எண்-எழுத்துத் தொடர்) 64 எழுத்து நீளம். முதல் பதிப்பிலேயே அதைக் குறித்து வைத்துக்கொண்டு, புதிய பதிப்பு வரும்போதெல்லாம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் கையொப்பம் காப்பது அப்டேட்டை மட்டும்தான். வேறொரு பேக்கேஜ் பெயரில் (செயலியை ஆண்ட்ராய்டு அடையாளம் காணும் உள்பெயர்), உங்கள் நிறுவன லோகோவையே போட்டு ஒருவன் செயலி செய்து அனுப்பினால் அது பக்கத்திலேயே தனியாக உட்கார்ந்துகொள்ளும், ஆண்ட்ராய்டு ஆட்சேபிக்காது. முதல் நிறுவல் எந்த வழியாக நடக்கிறது என்பதை நாங்கள் இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான்.

சாவி யாரிடம் இருக்கிறது என்பது இனி இன்னும் முக்கியமாகும். பிளே ஸ்டோருக்கு வெளியே பரவும் செயலிகளைச் செய்பவர்களும் தம் அடையாளத்தை உறுதிசெய்து, பேக்கேஜ் பெயரையும் கையொப்பச் சாவியையும் பதிய வேண்டும் என்று கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் 2026 செப்டம்பரிலும், மற்ற நாடுகளில் 2027 முதல் படிப்படியாகவும் என்பது அந்த அறிவிப்பு. பதிவு உங்கள் நிறுவனப் பெயரில் நடக்கட்டும். செய்து கொடுத்தவரின் சொந்தக் கணக்கில் போனால் நாளை அவரைத் தேடிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும்.

எந்த வழியில் கொடுப்பது

பத்துப் பேரோ எண்பது பேரோ இருக்கும் நிறுவனத்துக்குக் கைக்கு அடக்கமான வழி, செயலி செய்பவர்களுக்கான கூகுளின் தளமான பிளே கன்சோலின் ‘இன்டர்னல் டெஸ்டிங்’. ஒரே தடவை 25 டாலர் கட்டணம். 100 பேர் வரை ஜிமெயில் முகவரியைச் சேர்க்கலாம். அவர்கள் இணைப்பைத் திறந்து ஏற்றுக்கொண்டால் பிளே ஸ்டோர் வழியாகவே செயலி வரும், அப்டேட்டும் அதன் வழியே வரும். வெளியார் தேடினால் கிடைக்காது. புதிய தனிநபர் கணக்குகள் பொது வெளியீட்டுக்கு முன் 12 பேரை வைத்து 14 நாள் சோதிக்க வேண்டும் என்ற விதி இதற்குப் பொருந்தாது.

இதைவிடப் பெரிய நிறுவனத்துக்கு மேனேஜ்டு கூகுள் பிளே. மைக்ரோசாஃப்ட் இன்ட்யூன் போன்ற சாதன மேலாண்மை மென்பொருளோடு இணைத்து, செயலியைத் ‘தனிப்பட்டது’ என்று ஏற்றினால் உங்கள் நிறுவனத்தின் போன்களில் மட்டும் தெரியும். ஊழியரின் சொந்தப் போன் என்றால் வேலைப் பகுதி தனியாகப் பிரிந்திருக்கும். அவர் விலகும் நாளில் அதை மட்டும் அழிக்கலாம். பேக்கேஜ் பெயர் பிளே ஸ்டோர் முழுவதிலும் வேறு யாரும் எடுக்காததாக இருக்க வேண்டும். தனிப்பட்டதாக ஏற்றியதைப் பிறகு பொதுச் செயலியாக மாற்ற முடியாது. இரண்டு வழியிலும் பிளே தன் சாவியால் கையொப்பமிடும் வாய்ப்பு உண்டு என்பதால், நேரடியாக நிறுவிய பழைய பதிப்பை ஒருமுறை நீக்க வேண்டிவரும். நீக்கும் முன் எல்லாத் தரவும் சர்வருக்குப் போய்விட்டதா என்று பாருங்கள்.

பிளே ஸ்டோரே வேண்டாம் என்றால், நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் எச்டிடிபிஎஸ் முகவரியில், கடவுச்சொல் கேட்கும் பக்கத்தில் ஏபிகேயை வையுங்கள். கோப்பின் வகையை சர்வர் சரியாகச் சொல்லாவிட்டால் சில உலாவிகள் அதை ஜிப் கோப்பாகச் சேமித்துவிடும். ‘திறக்க மாட்டேங்குது’ என்ற புகார்கள் பலவற்றுக்குக் காரணம் அதுதான். முதல் நிறுவலை அலுவலகத்தில் ஒருவர் செய்துகொடுத்து, அப்போதே குரோமின் அனுமதியை அணைத்துவிட வேண்டும். அதன் பிறகு புதிய பதிப்பைச் செயலியே சர்வரில் பார்த்து இறக்கிக்கொள்ளட்டும். அப்போது நிறுவும் அனுமதி அந்த ஒரு செயலிக்கு மட்டும் போதும். ‘அப்டேட் வாட்ஸ்அப்பில் ஒருபோதும் வராது, வந்தால் அது போலி’ என்று ஊழியர்களிடம் அதற்குப் பிறகுதான் உங்களால் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஐபோனில் வழிகள் குறைவு, விதிகள் கடுமை. ஆண்டுக்கு 99 டாலர் கட்டும் ஆப்பிள் டெவலப்பர் கணக்கு இருந்தால் ‘ஆட் ஹாக்’ முறையில் ஓராண்டுக்கு 100 ஐபோன்கள் வரை. ஒவ்வொன்றின் யுடிஐடி எண்ணையும் (அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்) முன்கூட்டியே பதிய வேண்டும். ஆப்பிளின் சோதனை வசதியான டெஸ்ட்ஃபிளைட்டில் ஒவ்வொரு பதிப்பும் 90 நாளில் காலாவதியாகும். வசூல் செயலியை அதில் ஓட்டினால் ஒரு காலையில் யாருக்கும் திறக்காது. 299 டாலர் என்டர்பிரைஸ் திட்டம் குறைந்தது 100 ஊழியர்கள் உள்ள நிறுவனத்துக்கு, அதுவும் சொந்த ஊழியர்களுக்கு மட்டும். அந்தச் சான்றிதழை வைத்துப் பொதுமக்களுக்கு ஆய்வுச் செயலிகளைக் கொடுத்ததற்காக 2019 ஜனவரியில் ஃபேஸ்புக், கூகுள் இரண்டின் சான்றிதழையும் ஆப்பிள் ரத்து செய்தது. அவர்களின் உள் ஐபோன் செயலிகளெல்லாம் உடனே முடங்கின. ‘எங்களிடம் என்டர்பிரைஸ் சான்றிதழ் இருக்கிறது, உங்களுக்கும் போட்டுத் தருகிறோம்’ என்று சொல்பவரிடம் ஏமாறாதீர்கள்.

எஸ்எம்எஸ் அனுமதி எதற்கு?

செயலி செய்து தருபவர்களுக்கு ஒரு சொல். ஓடிபியைத் தானாக நிரப்ப எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி தேவையில்லை. எஸ்எம்எஸ் ரிட்ரீவர் என்ற வசதி அனுமதி கேட்காமலே அதைச் செய்யும். இந்தியாவில் 2024 இறுதியிலிருந்து, உலாவி, மெசேஜிங் செயலி, ஃபைல் மேனேஜர் வழியாக வரும் ஏபிகேயானது எஸ்எம்எஸ், அறிவிப்புகள், அக்சஸிபிலிட்டி (திரையைப் படித்து இயக்கும் வசதி) ஆகிய அனுமதிகளில் எதைக் கோரினாலும், ஆண்ட்ராய்டின் பாதுகாப்புச் சோதனையான பிளே புரொடெக்ட் நிறுவலையே தடுக்கிறது. அப்போது ‘பிளே புரொடெக்டை ஆஃப் பண்ணிடுங்க’ என்று ஊழியரிடம் சொல்வது, வீட்டுப் பூட்டைக் கழற்றிவைக்கச் சொல்வதற்குச் சமம். தேவையற்ற அனுமதியைச் செயலியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

திருட்டு ஏபிகே குறிவைப்பது அதே எஸ்எம்எஸ்ஸைத்தான். முதலில் வருவது பெரும்பாலும் வெறும் உறை. திறந்ததும் ‘அப்டேட் தேவை’ என்று சொல்லி உள்ளே மறைத்திருக்கும் இரண்டாவது செயலியை நிறுவும். ஆண்ட்ராய்டு 13 வெளியிலிருந்து வரும் செயலிகளுக்கு அக்சஸிபிலிட்டி அனுமதியை முடக்கிவைத்திருப்பதைத் தாண்டுவதற்கே இந்தச் சுற்றுவழி. பிறகு ஐகான் மறைந்துவிடும். வரும் ஓடிபி எல்லாம் திருடனுக்குப் போகும். உங்கள் தொடர்புகளுக்கு உங்கள் பெயரிலேயே அதே கோப்பு போகும். தெரிந்தவர் அனுப்பியது என்பதால் அவர்களும் திறப்பார்கள்.

வாட்ஸ்அப்பில் கோப்பின் பெயருக்குக் கீழே அதன் அளவும் வகையும் சிறிய எழுத்தில் இருக்கும். பெயர் ‘சலான்’ என்றோ ‘பத்திரிகை’ என்றோ இருந்தாலும் அங்கே ஏபிகே என்று இருந்தால் அது செயலி. போக்குவரத்து அபராதமோ பத்திரிகையோ ஏபிகேயாக வர எந்தக் காரணமும் இல்லை. அபராதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணை நீங்களே போட்டுப் பாருங்கள்.

நிறுவிவிட்டால்

முதலில் ஏரோபிளேன் மோட், வைஃபையும் அணைந்ததா என்று பாருங்கள், சிம்மையும் கழற்றுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்து கார்டு, நெட் பேங்கிங், யுபிஐ மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. தொகை அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகரும் முன் நிறுத்த வாய்ப்பிருப்பது முதல் சில மணி நேரம்தான். காலையில் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அனுப்பியவரின் எண், செய்தி, கோப்பின் பெயர் தெரியும்படி வேறொரு போனால் படம் எடுத்து வையுங்கள். புகாருக்குத் தேவைப்படும்.

பிறகு செயலிப் பட்டியல். திரையில் ஐகான் இல்லாவிட்டாலும் அமைப்புகளின் பட்டியலில் இருக்கும். ஒவ்வொன்றின் விவரப் பக்கத்தின் அடியில் எங்கிருந்து நிறுவப்பட்டது என்று பல போன்களில் காட்டும்; பிளே ஸ்டோர் என்று இல்லாததைச் சந்தேகியுங்கள். நீக்க விடாவிட்டால் டிவைஸ் அட்மின் (போனை நிர்வகிக்கும் உரிமை பெற்ற செயலிகள்) பட்டியலிலும் அக்சஸிபிலிட்டியிலும் அதை அணைத்துவிட்டு, சேஃப் மோடில் (பின்னர் நிறுவிய செயலிகள் இயங்காத நிலை) நீக்கலாம். இயல்பு எஸ்எம்எஸ் செயலி மாறியிருக்கிறதா, வாட்ஸ்அப்பில் தெரியாத இணைந்த சாதனம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நீக்கிய பிறகும் ஃபேக்டரி ரீசெட் செய்வதே நல்லது. கடவுச்சொற்களை வேறு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். சிம்மைத் திரும்பப் போட்டதும் *#21# அடித்து அழைப்பு வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ##002# அடித்து எல்லாத் திருப்பலையும் நீக்குங்கள்.

அந்தப் போனில் உங்கள் நிறுவனச் செயலியும் இருந்திருக்கும். ஊழியர் தகவல் சொன்ன அந்த நிமிடமே அவருடைய உள்நுழைவை சர்வரில் ரத்து செய்யுங்கள். சொன்னதற்காக அவரைத் திட்டினால் அடுத்தவர் சொல்ல மாட்டார். ரீசெட் முடிந்து, நிறுவும் அனுமதிகள் அணைந்திருப்பதைப் பார்த்த பிறகு புதுக் கடவுச்சொல்லோடு செயலியைத் திரும்பக் கொடுங்கள்.