சிக்குண்ட ஞானப்பல்: ‘இம்பாக்டட்’ என்ற சொல்லும் மேல்தாடைக் கணக்கும்

திருகோணமலையில் பல்லுக்கொதியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவரிடம் எக்ஸ்ரே படத்தைக் காட்டி, “மேல் ஞானப்பல் இம்பாக்டட்” என்பார்கள். அவர் வீட்டில் வந்து சொல்வது: “பல்லு உள்ளுக்க புதைஞ்சு கிடக்காம்.” இணையத்திலோ ‘பாதிக்கப்பட்ட ஞானப்பல்’ என்று எழுதுகிறார்கள். இரண்டாவது சுத்தப் பிழை. சூத்தைப்பல்லும் பாதிக்கப்பட்ட பல்தானே.

மூலம் இலத்தீன். ‘இம்பிஞ்செரே’ என்றால் உள்ளே அறைந்து செருகுதல். அதிலிருந்து வந்தது ‘இம்பாக்துஸ்’. செய்தித்தாளில் ‘தாக்கம்’ என்று மொழிபெயர்க்கும் ‘இம்பாக்ட்’ இதே வேரின் பிந்திய கிளை. பல் மருத்துவத்தில் பழைய பொருளே நிற்கிறது: முளைக்க வந்த பல், முன்னால் உள்ள பல்லோ எலும்போ மறித்ததால் நின்றுவிட்டது. தடை எதுவும் இல்லாமல், முளைக்கும் உந்துதல் இல்லாததால் உள்ளேயே தங்கிய பல்லுக்கு வேறு பெயர் உண்டு. ‘புதைந்த பல்’ அதற்குத்தான் பொருந்தும். இம்பாக்டட் பல் பாதி வெளியே தெரியவும் கூடும்.

என் தேர்வு ‘சிக்குண்ட பல்’. கொட்டியாரக்குடாவில் வலை போடுபவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: கண்ணிக்குள் தலை நுழைந்துவிட்டது, உடல் நுழையாது. ‘சிக்குண்ட’ என்றதும் ‘எதில்?’ என்று கேட்கத் தோன்றும். பல்லைக் கழற்றுவது எவ்வளவு கடினம் என்று கணிக்கும் வைத்தியரின் கேள்வியும் பெரும்பாலும் அதுதான்.

‘ஞானப்பல்’ மொழிபெயர்ப்புச் சொல். 17 முதல் 25 வயதுக்குள், புத்தி தெளியும் காலத்தில் முளைப்பதால் இலத்தீனிலும் அறிவுப்பல், அரபியிலும் அறிவுப்பல். அறிவைக் குறிக்கும் ‘அக்ல்’ என்ற அரபுச் சொல் கின்னியாவிலும் மூதூரிலும் பலருக்குத் தெரிந்ததே. இடத்தை வைத்துச் சொன்னால் கடைசிக் கடைவாய்ப்பல். ஞானப்பல் நன்றாகவே ஊன்றிவிட்டது, மாற்ற வேண்டாம்.

மேல்தாடைக்கு வருவோம். முதலில் ஆழம். பல் அறுவை வைத்தியர் ஆர்ச்சர் வகுத்த முறையில் பக்கத்து இரண்டாம் கடைவாய்ப்பல்தான் அளவுகோல். சிக்குண்ட பல்லின் முடி, அதாவது வேருக்கு அப்பாற்பட்ட கடிக்கும் பகுதி, அந்தப் பக்கத்துப் பல்லின் கடிக்கும் மட்டத்தில் இருந்தால் முதல் வகை, கடிமட்டத்துக்கும் அதன் கழுத்துக்கும் (முடியும் வேரும் சேரும் இடம்) இடையில் நின்றால் இரண்டாம் வகை, கழுத்தளவிலோ அதற்கும் மேலேயோ நின்றால் மூன்றாம் வகை. மேலே போகப் போகக் கடினம்.

அடுத்தது சாய்வு. பல பேர் தடுக்கி விழும் இடம் இது. ‘மீசியல்’ கிரேக்கத்தில் நடு. கடைவாய்ப்பல்லுக்கு அது முன்பக்கம். ஆகவே மீசியல் சாய்வை முன்சாய்வு என்றும் டிஸ்டல் சாய்வைப் பின்சாய்வு என்றும் சொல்லலாம். கீழ்த்தாடையில் முன்சாய்வு இலகு, பின்சாய்வு பெரும்பாடு. மேல்தாடையில் கணக்கு தலைகீழ்: நேராகவோ பின்சாய்ந்தோ நிற்பது இலகு, முன்சாய்வு கடினம். முன்சாய்ந்த பல்லில் அகற்ற வேண்டிய எலும்பு பின்புறத்தில் தடிப்பாக இருக்கும், கருவி அங்கே எளிதில் எட்டாது. கழற்றும் கடினத்தை எண்ணால் மதிப்பிட, கீழ்ப்பல்லுக்கென்று வந்த பெடர்சன் சுட்டெண்ணை மேலே அப்படியே பொருத்தக் கூடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

மேல்தாடை எலும்பு மென்மையானது, அதனால் பொதுவாகப் பல் கழற்ற இலகு. ஆனால் அதே எலும்புக்கு மேலே கன்னத்துக்குள் ஒரு காற்றறை இருக்கிறது. பீனிசம் பிடிக்கும் இடங்களில் ஒன்று. பல்லுக்கும் அந்த அறைக்கும் நடுவே 2 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ எலும்பு இருந்தால் நிம்மதி. மெல்லிய தகடுதான் என்றால் வாய்க்கும் அறைக்கும் இடையே துவாரம் விழலாம், பல்லே உள்ளே நழுவவும் கூடும். பல்வரிசையின் பின்முனை எலும்பு பல்லோடு முறிந்து வருவதும் உண்டு.

வேர்கள் ஒன்றாய்க் கூம்பி இருந்தால் நல்லது, விரிந்தோ வளைந்தோ இருந்தால் சிரமம். வயது ஏற எலும்பும் இறுகும். வாய் எவ்வளவு திறக்கும் என்றும் பார்ப்பார்கள். ஆனால் மேல் ஞானப்பல்லுக்கு ‘ஆ’வென்று முழுக்கத் திறந்தால் கீழ்த்தாடையின் மேல்முனை முன்னே வந்து வழியை அடைக்கும். வைத்தியர் “கொஞ்சம் மூடுங்கோ” என்றால் அதற்குத்தான்.